கைக்கேற்ற வாள்

மரம் தறிக்கிற மெசின் வாள் வாங்குவதற்கு உடப்பில் யாரும் நாள் பார்ப்பதில்லை. ஞானேஸ்வரி பார்த்தாள். கோயில் ஐயரிடம் போய், ராகுகாலம் எமகண்டம் எல்லாம் தள்ளி, வியாழக்கிழமை காலை என்று குறித்துக்கொண்டு வந்தாள். "வாளுக்கா பிள்ளை நாள் கேக்கிறாய்?" என்று ஐயரே சிரித்துவிட்டார். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களுக்கு அவளுடைய நேர்த்தியைப் பற்றி என்ன தெரியும்?

நேர்த்தி இதுதான். மாசி மாதம் அவள் புருசன் வீரகத்தி கொழும்பு ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். ஞானேஸ்வரி வாங்கிலில் குந்தியிருந்து ஊர்த் திரௌபதை அம்மனை நினைத்தாள். "தாயே, இந்த மனுசனை எழுப்பி விடு. ஆடித் திருவிழாவுக்கு உன்ட தீக்குழி விறகை அவர் தன்ட கையாலயே வெட்டிக் கொண்டு வருவார்" என்று சொல்லிவிட்டாள். அவரைக் கேட்காமலே அவருடைய கையை நேர்ந்துவிட்டாள். கேட்கிற நிலையில் அவர் இருந்திருந்தால் நேர்த்தி எதற்கு?

அம்மன் எழுப்பித்தான் விட்டாள். கொஞ்ச நாளில் வீரகத்தி எழும்பி உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்குப் போகலாம் என்ற அன்று பெரிய டொக்டர் கட்டிலடிக்கு வந்து நெடுநேரம் சிங்களத்தில் கதைத்தார். ஞானேஸ்வரிக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். மரக்கறிக்குப் பேரம் பேச அது போதும். டொக்டருடைய சிங்களம் அவள் தலைக்கு மேலால் போனது. வீரகத்திதான் எல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நல்லாயிருக்காம். இனி வீட்டில வச்சே பாக்கலாமாம்." அவள் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். தன்னைத்தான் கும்பிடுகிறாள் என்று டொக்டர் நினைத்திருப்பார், பாவம்.

உடப்பில் பிறந்த ஆம்பிளைகள் கடலுக்குப் போவார்கள். வீரகத்தி மரத்துக்குப் போனவர். கரைவலைக் கயிறு இழுத்துக் காய்த்துப் போயிருக்க வேண்டிய கை, வாள் பிடித்துக் காய்த்தது. தோட்டக்காரர்கள் தறிக்கச் சொல்லுகிற மா, வேம்பு, கஜு மரங்களை எடுத்து, துண்டு போட்டு, பாண் சுடுகிற பேக்கரிப் போறணைகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். ஆண்டிமுனையிலிருந்து முந்தல் வரைக்கும் எந்தப் போறணை எரிந்தாலும் அதில் வீரகத்தியின் விறகு ஒன்றாவது கிடக்கும் என்று ஊரில் பகிடியாகச் சொல்லுவார்கள். அவர் வெட்டுவார், அவள் இழுத்து அடுக்குவாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இரண்டு பேருடைய நாலு கைகளும்தான் சோறு போட்டன.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் நாளுக்கு நாள் மெலிந்தார். ஞானேஸ்வரி அதற்கெல்லாம் நியாயம் வைத்திருந்தாள். மெலிந்தால் டொக்டர் தந்த குளிசையின் வேலை. சோறு இறங்காவிட்டால் வெயிலின் வேலை. கண் மஞ்சளித்தால் சூடு, வயிறு ஊதினால் வாயு. அயலில் யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு விசாரித்தால், "ஆடிக்குப் பாருங்க, ஆள் எப்பிடி வெட்டுறார் எண்டு" என்று வாயை அடைத்துவிடுவாள்.

பழைய வாள்தான் வீட்டில் இல்லை. இஞ்சின் இறுகிப்போய் புத்தளத்துக் கடையில் கிடக்கிறது, இனி அது சரிவராது என்று வீரகத்திதான் சொன்னார். அப்படியென்றால் புதிது எடுக்கத்தானே வேண்டும்? வேண்டாம், பிறகு பார்ப்போம் என்று அவர் இழுத்தடிப்பார் என்று எதிர்பார்த்து ஒரு சண்டைக்கே ஆயத்தமாகத்தான் கதையை எடுத்தாள். அவரோ, "ஓம், போவம். நீயும் வரவேணும்" என்றார். சண்டை வேலையில்லாமல் போனது. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனுசனுக்கு வெட்டுகிற ஆசை வந்துவிட்டதே!

பத்துளு ஓயாச் சந்தியில் புத்தளம் பஸ் ஏறும்போது கொண்டக்டர் அவரைக் கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்கி ஏற்றினான். ஞானேஸ்வரி பார்க்காதது போல ஜன்னல் பக்கம் போய் இருந்துகொண்டாள்.

கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. தண்ணிப் பம்பு, புல் வெட்டுகிற மெசின், வாள் என்று எல்லாம் தொங்குகிற கடை. கடைக்காரர் ஃபைஸல் வீரகத்திக்கு நெடுநாள் பழக்கம். அவர் வாளுக்குச் செயின் மாற்றுவதும் பல் தீட்டுவதும் இந்த ஆள்தான்.

"வாங்க அண்ணன், வாங்கக்கா. இதில இரிங்க" என்று ஃபைஸல் உள்ளேயிருந்து கதிரையைத் தானே தூக்கி வந்து போட்டார். மற்ற நாட்களில் ஆட்கள் நின்றுகொண்டுதான் சாமான் வாங்குவார்கள். இது என்ன புது மரியாதை என்று ஞானேஸ்வரிக்குத் தோன்றியது. தோன்றியதைத் தோன்றிய இடத்திலேயே விட்டுவிட்டாள்.

"பழையது மாதிரிப் பெருசாக் காட்டுங்க தம்பி. கோயில் விறகு. மொத்த மரம் வெட்டவேணும்."

ஃபைஸல் வீரகத்தியைப் பார்த்தார். வீரகத்தி, காட்டு என்பதுபோலக் கண்ணால் சொன்னார். இருபத்திரண்டு இஞ்சி வாள் மேசைக்கு வந்தது. பழைய வாளின் கூடப்பிறந்தது மாதிரியே இருந்தது. அதை ஒற்றைக் கையில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையில் சோற்றுப் பார்சலையும் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடக்கிற வீரகத்தியைத்தான் ஞானேஸ்வரி கலியாணம் கட்டிக்கொண்டாள்.

வீரகத்தி எழுந்து கைபிடியில் கையை வைத்தார். தூக்கினார். வாளின் பின்பக்கம் கொஞ்சம் கிளம்பியது. மூக்கு மேசையை விட்டு எழும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. மெல்லமாகக் கையை எடுத்து, வாளைத் தடவிக் கொடுத்துவிட்டு, "நல்ல சாமான்" என்றார்.

"இதென்ன தம்பி, ஆனைக்குட்டி மாதிரி? எண்ணெய் நிரப்பி வச்சிருக்கிறீங்களா?"

"இல்லக்கா. டாங்கி வெறும்."

"அப்ப இது பழைய மாடல். இப்பப் பாரமில்லாத சாமான் வந்திருக்குமே, அதைக் காட்டுங்க."

பதினெட்டு இஞ்சி வந்தது. அதை வீரகத்தி நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கிவிட்டார். ஞானேஸ்வரியின் முகம் மலர்ந்தது. ஆனால் தூக்கினால் போதுமா, பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமே. கை இரண்டும் வெடவெடவென்று நடுங்கி, வாள் மெல்ல மெல்ல இறங்கி அவர் மடியில் வந்து இருந்தது. அவரும் வாளோடு கதிரையில் இருந்துவிட்டார். ஃபைஸல் ஓடிவந்து வாளை வாங்கிக்கொண்டார்.

"சீனாச் சாமான். கைபிடியே சரியில்ல" என்றாள் ஞானேஸ்வரி. சீனாக்காரன் அவளுக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. யாரையாவது ஏச வேண்டியிருந்தது, ஏசினாள்.

அடுத்ததாக ஃபைஸல் ஒரு மூலையிலிருந்து பதினாறு இஞ்சி வாள் ஒன்றை எடுத்தார். அதற்குப் புதுச் செயின் போட்டு, எண்ணெய் விட்டு, துணியால் சுற்றி வைத்திருந்தார். வீரகத்தி, இப்போது வேண்டாம் என்பதுபோலத் தலையை மெல்ல அசைத்தார். ஃபைஸல் அதைத் தன் காலடியில் வைத்துவிட்டு, "இதப் பொறகு பாப்பம். சின்னது ஒண்டு ஈக்கி, அதப் பாருங்க" என்றார்.

சின்னது உண்மையிலேயே சின்னது. பன்னிரண்டு இஞ்சி. மரம் ஏறிக் கொப்பு வெட்டுகிறவர்கள் இடுப்பில் தொங்கப் போட்டுக்கொள்வது. வீரகத்தி அதைத் தூக்கினார், பிடித்துக்கொண்டும் நின்றார். ஞானேஸ்வரிக்குப் போன உயிர் வந்தது.

"இது நல்லா இருக்குத் தானே? பாருங்க, கைக்கு எவ்வளவு வடிவா இருக்கு!"

"ஸ்டார்ட் பண்ணிப் பாக்கோணும்" என்றார் வீரகத்தி.

கடையின் பின்பக்கம் ஒரு முற்றம். மெசின் பழுது பார்ப்பதும் வாங்குகிற ஆட்களுக்கு வெட்டிக் காட்டுவதும் அங்கேதான். மரத்தூளுக்கு நடுவில் தோல் உரிந்த வேப்பங்குற்றி ஒன்று நீட்டுக்குக் கிடந்தது. ஃபைஸல் கதிரையையும் தூக்கிக்கொண்டு வந்தார். வீரகத்தி வாளை நிலத்தில் வைத்தார். பின்பிடிக்குள் கால் நுனியை நுழைத்து மிதித்தார், இடது கையால் முன்பிடியை அமத்தினார், வலது கையால் கயிற்றைப் பிடித்தார். எல்லாம் பழைய வீரகத்திதான். பார்த்துக்கொண்டிருந்த ஞானேஸ்வரி தன்னையறியாமல், "அம்மாளாச்சி" என்றாள்.

இழுத்தார். கயிறு பாதி வழி வந்து நின்று, அவர் கையையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனது. இன்னொரு தரம் இழுத்தார். இஞ்சின் ஒரு சின்னத் தும்மல்கூடப் போடவில்லை. மூன்றாம் தரம் இழுக்கும்போது கயிறு அப்படியே இருக்க, அவர்தான் முன்னால் சரிந்தார். ஃபைஸல் தாங்கிப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்.

"புதுக் கயிறு. அதுதான் இறுக்கம்" என்றாள் ஞானேஸ்வரி. அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது.

"கயிறில்லாத ஒண்டு ஈக்கிக்கா" என்றார் ஃபைஸல், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல். "பெட்டரியில ஓடுறது. பட்டன அமத்தினாச் சரி. ஆனா அது வெறகுச் சாமானில்ல. வீட்டுத் தோட்டத்துல செடி கொடி வெட்டுறவங்க எடுக்கிறது."

"கொண்டு வாங்க தம்பி. அதைக் கொண்டு வாங்க!"

அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. பச்சை நிறம். வீரகத்தி அதைக் கையில் வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். பெரிய மாமரங்களைச் சாய்த்த மனுசனின் கையில் அது இருந்த இருப்பைப் பார்க்க வேறு நேரமென்றால் அவளுக்கும் சிரிப்பு வந்திருக்கும். பட்டனை அமத்தினார். ஓடியது. ஞானேஸ்வரி கை தட்டாத குறை.

"குத்தியில வச்சு வெட்டுங்க. ஒரு துண்டு. ஒரு துண்டு வெட்டுங்க."

வீரகத்தி குனிந்து வேப்பங்குற்றியின் நுனியில் செயினை வைத்தார். பல் மரத்தில் கடித்தது. கடித்ததுமே வாள் ஒரு துள்ளுத் துள்ளி அவருடைய பிடியிலிருந்து கழன்று மரத்தூளுக்குள் விழுந்தது. குற்றியில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு மட்டும்தான் மிச்சம்.

ஃபைஸல் எடுப்பதற்கு முந்தி ஞானேஸ்வரி பாய்ந்து அதை எடுத்தாள். முந்தானையால் தூளைத் துடைத்தாள். "முதல் நாள் தானே. பழகினாச் சரியாயிரும். ஆடிக்கு இன்னும் நாள் கிடக்கு. இதையே கட்டுங்க தம்பி."

ஃபைஸல் நல்ல மனிதர். ஆனால் ரகசியம் வைத்திருக்கத் தெரியாத மனிதர். பச்சை வாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார், வீரகத்தியைப் பார்த்தார், கடைசியில் வாயை விட்டுவிட்டார்.

"அண்ணன், அப்ப மத்தத என்ன செய்ற? அக்காக்கிண்டு எடுத்து வச்சத?"

"எனக்கா?" என்றாள் ஞானேஸ்வரி.

"ஓமக்கா, அந்தப் பதினாறு இஞ்சி. அண்ணன் பழைய மெசினத் தந்துட்டுப் போகக்குள்ளயே சொன்னாரே. அதுக்குப் பதிலா அக்காட கைக்குத் தோதா ஒண்டு எடுத்து வைங்க, ஆளக் கூட்டிட்டு வந்து தூக்கிப் பாக்கச் சொல்றன் எண்டு."

"பழையது இஞ்சின் இறுகிப்போச்சு எண்டு…"

"இறுகவா? பவுண் மாதிரி மெசின் அது. குருணாகல் ஆளொருத்தர் அப்பவே தூக்கிட்டுப் போய்ட்டார்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று ஃபைஸலுக்கு விளங்கியது. பள்ளியில் பாங்கு சொன்னது அவருக்கு நல்லதாய்ப் போனது. "ளுஹர் தொழுதுட்டு ஓடி வாறன். நீங்க இருந்து ஆறுதலாப் பாருங்க" என்று பதினாறு இஞ்சி வாளைக் கொண்டுவந்து குற்றியடியில் வைத்துவிட்டு, தொப்பியைத் தேடிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

முற்றத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஞானேஸ்வரிக்கு எல்லாம் தலைகீழாகத் திரும்பியது. இவரை நான் இழுத்துக்கொண்டு வந்தேன் என்றல்லவா பஸ்ஸில் பெருமையாக இருந்தாள். இவர்தான் அவளைக் கூட்டி வந்திருக்கிறார். பங்குனி மாதம் குளிசை எடுக்கப் புத்தளம் போகிறேன் என்று பக்கத்து வீட்டு இந்துஜனின் ஓட்டோவில் போய் வந்தார். அன்றைக்கே வாளைக் கொடுத்திருக்கிறார். வாளில்லாமல் வீரகத்தி இல்லை. அதைக் கொடுத்தவர் என்ன தெரிந்துகொண்டு கொடுத்தார்?

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டாள்.

வீரகத்தி கதிரையில் போய் இருந்துகொண்டு அதன் கையைத் தடவினார்.

"உங்களைத்தான். அண்டைக்குக் கட்டிலடியில நிண்டு அவ்வளவு நேரம் கதைச்சாரே. என்ன சொன்னவர்?"

"வீட்டில வச்சுப் பாக்கலாம் எண்டவர். அது பொய்யில்ல ஞானம்."

"மிச்சத்தைச் சொல்லுங்க."

"ஈரல் முழுக்கப் பரவிட்டுதாம். வெட்டி எடுக்க ஏலாதாம். ஆள் விரும்பிக் கேக்கிறதச் சமைச்சுக் குடுங்க எண்டு உனக்குச் சொல்லச் சொன்னவர். அதைச் சொல்லாமலே நீ சமைச்சுத் தந்தாய்" என்றார்.

அவள் பச்சை வாளைக் கீழே போட்டாள். அவரை அடிக்கத்தான் கையை ஓங்கினாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஓங்காத கை. சட்டைக்குள் தோளெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது, பிறகு அந்த எலும்பின் மேல் போய் மெல்லப் படிந்தது.

"கடைக்காரனுக்குச் சொல்லத் தெரிஞ்சிது. எனக்குச் சொல்லத் தெரியேல்ல உங்களுக்கு."

"அவனுக்குச் சொல்றது லேசு. அவனுக்கு நான் ஆர்?"

ஆனாலும் ஞானேஸ்வரி லேசில் விடுகிறவளா? மனத்துக்குள் கடைசியாக ஒரு கணக்கு வைத்திருந்தாள், அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் அம்மனுக்கு நேர்ந்திருக்கிறன். உங்கட கையால விறகு வெட்டித் தாறதெண்டு. அது முடியுமட்டும் அவ உங்களை விடமாட்டா. விட்டா அவவுக்குத்தான் நட்டம். இஞ்சாருங்க, இந்தச் சின்னதை எடுப்பம். ஒரு கொப்பு வெட்டினாப் போதும். சுண்டுவிரல் மொத்தத்தில ஒரு கொப்பு. நான் பிடிச்சுக்கொள்றன்."

வீரகத்தி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக் கதிரைக்குப் பக்கத்தில், மரத்தூளில் இருத்தினார்.

"பழையதுக்கு ஈடா ஒண்டுதான் எடுக்கலாம் ஞானம். ரெண்டுக்கு நம்மட்ட வழியில்ல. இதை எடுத்தா என்ட கைக்கு ஒரு கொப்பு. அதை எடுத்தா உனக்கு வருசம் முழுக்க வேலை. முந்தல் போறணைக்காரனுக்குச் சொல்லிட்டன். விறகு எங்கட வீட்டால வாறது நிக்காது, வெட்டுற ஆள்தான் மாறும் எண்டு."

"எனக்கு வேலையும் வேணாம் சோறும் வேணாம்."

"இப்பிடித்தான் சொல்லுவாய் எண்டு தெரியும். அதுதான் நானும் ஒண்டு நேர்ந்தனான்."

"நீங்களா?" கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுசன் அவர். நேர்த்தி, விரதம் எல்லாம் அவளுடைய பகுதி.

"ஓம். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அண்டு ராவு. உன்னை மாதிரி விறகு, குழி எண்டெல்லாம் எனக்குக் கேக்கத் தெரியேல்ல. இவ வாளைத் தூக்கிப் பிடிக்கிறதை ஒருக்காப் பாத்துட்டுப் போனாப் போதும் எண்டு கேட்டன்." அவர் அவளைப் பார்க்கவில்லை. "வேற ஒண்டும் கேக்கத் தோணேல்ல."

ஞானேஸ்வரி எழுந்தாள். அழுதுகொண்டு எழுந்தாளா, கோபத்தோடு எழுந்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பாறாங்கல்லைக் கடலில் தூக்கி எறிகிறவள் போலப் போய்ப் பதினாறு இஞ்சி வாளைத் தூக்கினாள். தூக்க வந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது அவள் கைக்குப் பொருந்தி வந்தது. முன்பிடிக்கும் பின்பிடிக்கும் இருந்த தூரம், பாரம் இடுப்பில் விழுகிற விதம், எல்லாம் சரியாக இருந்தன. இருட்டிலும் அவள் கை நீளம் தெரிந்த மனுசன் சொல்லி எடுத்து வைத்த வாள் பிறகு எப்படி இருக்கும்?

இத்தனை வருசமும் அவர் அவளை வாளைத் தொட விட்டதில்லை. விரல் போய்விடும் என்று ஏசுவார். தொடாவிட்டால் என்ன, பார்த்திருக்கிறாளே. நிலத்தில் வைத்தாள். கால் நுனியை நுழைத்து மிதித்தாள். கயிற்றைப் பிடித்து, ஓடக்கூடாது, ஓடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே இழுத்தாள்.

முதல் இழுவையிலேயே பிடித்துக்கொண்டது.

முற்றம் முழுக்க இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஞானேஸ்வரி வாயைத் திறந்து ஓவென்று அழுதாள். மாசி மாதத்திலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். பக்கத்துக் கடைக்காரனுக்கும் கேட்காது, றோட்டால் போகிறவனுக்கும் கேட்காது. வீரகத்தி கதிரை நுனிக்கு வந்து, கையை அசைத்து அசைத்து, மூக்கைத் தூக்கு, முழங்கையை மடிக்காதே, காலை அகட்டி வை என்று காட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். அந்தச் சந்தோசத்தைப் பார்த்து அவளுக்கு இன்னும் அழுகை வந்தது.

குற்றியை வெட்டு என்று கையால் காட்டினார். அவள் குற்றியடிக்குப் போனாள். உருண்டைக் குற்றியை வெட்டும்போது மறுமுனையில் பாரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செயின் பட்டதும் குற்றி துள்ளும், உருளும். தோட்டத்தில் அவர் வெட்டும்போதெல்லாம் மறுமுனையில் குந்தியிருக்கிறவள் ஞானேஸ்வரிதான். அவள் குந்தினால் எந்தக் குற்றியும் அசையாது. அதை வைத்து வீரகத்தி அவளைப் பண்ணாத பகிடி இல்லை. இன்றைக்கு அவர், கதிரையைப் பிடித்து எழும்பி, ரெண்டு எட்டு வைத்து வந்து, குற்றியின் மறுமுனையில் குந்தினார். குந்திக்கொண்டு, ம், வெட்டு என்று தலையை ஆட்டினார்.

ஞானேஸ்வரி செயினை மரத்தில் இறக்கினாள்.

குற்றி துள்ளியது. அதன் மேலிருந்த வீரகத்தியும் சேர்ந்து துள்ளினார். அவள் வாளை எடுத்தாள். அவர் இரண்டு கையாலும் குற்றியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை, வெட்டு என்று சிரித்தார். திரும்ப இறக்கினாள். திரும்பவும் குற்றி நடுங்கி, உருண்டு, அவரை ஒரு பக்கமாகச் சரித்தது. அவர் காலை ஊன்றி நிமிர்ந்து, மறுபடியும் பல்லைக் கடித்துக்கொண்டு குந்தினார். ஒரு குருவி வந்து இருந்தால் அந்தக் குற்றிக்கு எவ்வளவு பாரமோ அவ்வளவு பாரம்தான் அவர்.

பெரிய வாளுக்கு எடை கூட என்று சொன்னாள். சீனாச் சாமான் என்றாள். கயிறு புதிது என்றாள். இதற்கு எந்த மெசினைக் குறை சொல்லுவாள்? அந்த உடம்பில் ஆள் இல்லை. ஆள் போய்க்கொண்டிருக்கிறார். அவருக்கும் டொக்டருக்கும் ஃபைஸலுக்கும் எப்போதோ தெரிந்தது, இப்போதுதான் ஞானேஸ்வரியிடம் வந்து சேர்ந்தது.

அவள் விசையிலிருந்து விரலை எடுத்தாள். செயின் நின்று, இஞ்சின் மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

"எழும்புங்க."

"ஏன்? நான் பிடிச்சிருக்கிறன் தானே. வெட்டு."

"எழும்பி அந்தக் கதிரையில போய் இருங்க. நான் காலால மிதிச்சுக்கொண்டு வெட்டுறன்."

வீரகத்தி சிரித்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பகிடிக்குச் சொல்கிறாளோ என்று தேடுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"அம்மனிட்ட நான் கதைக்கிறன்" என்றாள் அவள். "நான் நேர்ந்தது நடக்கேல்ல, நீங்க நேர்ந்தது நடந்திட்டுது எண்டு சொல்றன். ரெண்டும் ஒரு வீட்டு நேர்த்திதானே. நீங்க எழும்புங்க, ராசா."

அவர் முழங்காலில் கையூன்றினார். எழும்பக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவள் கை கொடுக்கவில்லை, கையில் வாள் இருந்தது. கதிரைக்குப் போய் இருந்துகொண்டார். ஞானேஸ்வரி சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகினாள். இடது காலைக் குற்றியின் மேல் வைத்து மிதித்துக்கொண்டு வாளை இறக்கினாள். குற்றி அசையவில்லை. தூள் பறந்தது.

கதிரையில் இருந்த வீரகத்தி அப்போதுதான் அழுதார். டொக்டருக்கு முன்னால் அழாதவர், வாளைக் கொடுத்த அன்றைக்கு அழாதவர், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஞானேஸ்வரி அதைக் கண்டாள். கண்டும் வாளை நிறுத்தவில்லை. துண்டு விழும் வரைக்கும் வெட்டினாள்.